தேங்காய்க்கு விலை வைப்பது யார்? தடையற்ற வாணிப ஒப்பந்தங்களும் ஊத்தான் மெலிந்தாங்கில் நான்கு ஏக்கரும்

தென்னந்தோப்பு எழுதியது:

அப்பா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சேமநிதிப் பணத்தை எடுத்து, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து பாகான் டத்தோ போகும் சாலைக்கு உட்புறமாக நான்கு ஏக்கர் தென்னை வாங்கினார். ஊரான் மண்ணில் உழைத்தது போதும் என்பார். அவர் போன பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

போன வாரம் காய் எடுக்க வந்த லாரிக்காரர், எல்லாவற்றையும் எண்ணி ஏற்றிய பிறகு, காய்க்குப் பத்து சென் குறைத்துத்தான் தர முடியும் என்றார். ஏன் என்று கேட்டேன். “சுமத்ராக் காய் வந்து இறங்கியிருக்கிறது அம்மா. ஆசியான், அதாவது நம் தென்கிழக்காசிய நாடுகள் முழுவதும் ஒரே சந்தை. நான் என்ன செய்ய முடியும்?” என்றார்.

அந்தப் பதிலை நான் அப்படியே ஏற்றுக்கொண்டிருப்பேன். ஆனால் தைப்பூசத்துக்கு முன் பட்டணத்துக் கடைகளில் தேங்காய் கிடைக்காமல் விலை எகிறியபோதும் இதே லாரிதான் வந்தது. அன்று எனக்கு ஒரு சென்கூடக் கூடவில்லை. வெளிக்காய் வந்தால் என் விலை இறங்குகிறது. காய்ப் பஞ்சம் வந்தால் என் விலை நின்ற இடத்திலேயே நிற்கிறது.

நாடுகள் தங்களுக்குள் வரியைக் குறைத்துக்கொள்ளும் தடையற்ற வாணிப ஒப்பந்தம் என்பது சிறு விவசாயியை இப்படித்தான் நடத்துமா? அல்லது அதன் பெயரைச் சொல்லி வேறு யாரோ லாபம் பார்க்கிறார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைத்தெரு எழுதியது:

உங்கள் வருத்தம் நியாயமானது அம்மா. ஆனால் மளிகைக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பொருள் வராவிட்டால் இந்த ஊர் அடுப்பு எரியாது. வெங்காயம், பூண்டு, பருப்பு, காய்ந்த மிளகாய் எல்லாம் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகின்றன. அரிசிகூட நம் தேவைக்குப் போதுமான அளவு விளைவதில்லை.

2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது நினைவிருக்கிறதா? செப்டம்பர் 1 முதல் இங்கே இறக்குமதி அரிசி ஒரு டன் 2,350 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3,200 வெள்ளிக்கு ஏறியது. உள்ளூர் அரிசிக்குக் கிலோ 2 வெள்ளி 60 காசு என்று உச்சவரம்பு இருந்ததால் எல்லோரும் அதைத் தேடி வந்தார்கள். ஒரே வாரத்தில் என் கடையில் உள்ளூர் அரிசி காலி. தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்த ஒரு பாட்டி வெறுங்கையோடு திரும்பிப் போனதை நான் மறக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியையும் நிறுத்தினார்கள். மறு ஆண்டு மே மாதம் வரை அந்தத் தடை நீடித்தது.

இத்தனைக்கும் இந்தியாவோடு நமக்கு ஒப்பந்தம் இருக்கிறது. அவர்கள் நம் பொருளுக்கு வரியைக் குறைப்போம் என்று கையெழுத்திட்டார்கள். பஞ்சம் வந்தால் தங்கள் பொருளைத் தருவோம் என்று கையெழுத்திடவில்லை. வாங்கித் தின்னும் நாட்டுக்கு அந்த இரண்டாவது கையெழுத்துதான் முக்கியம்.

பழைய கிராணி எழுதியது:

கடைத்தெரு சொன்னது சரி. நாமும் அதையே செய்தோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 ஜூன் 1 முதல் மாதம் 36 லட்சம் கோழிகளின் ஏற்றுமதியை நிறுத்தினோம். சிங்கப்பூரில் கோழிச்சோறு விற்றவர்கள் தவித்துப்போனார்கள். ஆசியான் சகோதரர்கள்தாம் நாம். வீட்டில் விலை ஏறும்போது எந்த அரசும் ஒப்பந்தத்தை எடுத்துவைத்துப் படிப்பதில்லை.

தென்னந்தோப்பு மகளே, உன் கேள்விக்கு வருகிறேன். தோட்ட அலுவலகத்தில் பாமாயில் தரும் செம்பனையின் கணக்கு எழுதியே நரைத்தவன் நான். ஆசியான் நாடுகள் தங்களுக்குள் வரியைக் குறைக்க 1992 ஜனவரியில் சிங்கப்பூரில் முடிவு செய்தன. மற்றப் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு வரி படிப்படியாகக் கரைந்தது. அரிசியை மட்டும் மலேசியா ‘மிகவும் பாதிப்புக்குள்ளாகக்கூடிய பொருள்’ என்று தனியே எடுத்துவைத்து வரி வைத்துக்கொண்டது. கெடா, பெர்லிஸ் மாநில நெல் விவசாயிகளின் ஓட்டு எவ்வளவு கனமானது என்பது ஆட்சியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தென்னைக்கு அப்படிப் பேச ஆள் இல்லை. ஒப்பந்தம் எழுதும் மேசையில் எந்தப் பயிருக்கு நாற்காலி கிடைக்கிறது என்பது அதைப் பயிரிடுபவர்களின் அரசியல் பலத்தைப் பொறுத்தது. இதை நான் கசப்போடுதான் சொல்கிறேன்.

இந்தியாவும் இதையே செய்தது. 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் ஆசியானோடு கையெழுத்திட்டபோது ஐந்து பொருள்களைச் ‘சிறப்புப் பொருள்’ என்று ஒதுக்கியது. கச்சாச் செம்பனை எண்ணெய், சுத்திகரித்த செம்பனை எண்ணெய், காப்பி, தேயிலை, மிளகு. கச்சா எண்ணெய்க்கு 80 விழுக்காட்டிலிருந்து 37.5 வரைக்கும், சுத்திகரித்ததற்கு 90-இலிருந்து 45 வரைக்கும் வரியை இறக்க 2019 முடிவு வரை பத்தாண்டு அவகாசம் வாங்கிக்கொண்டது. ரப்பரை வரி குறைக்கும் பட்டியலில் சேர்க்கவே இல்லை. அப்படியிருந்தும் கேரளம் அடங்கவில்லை. அந்த ஆண்டு காந்தி பிறந்த நாளன்று மாநிலத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மனிதச் சங்கிலி நின்றார்கள்.

நம் அலுவலகத்தில் அன்று என்ன பேச்சு தெரியுமா? இந்தியச் சந்தை திறக்கிறது, செம்பனைக் குலை விலை ஏறும் என்று மகிழ்ந்தோம். அங்கே யாருடைய தலையில் அது இறங்கும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பட்டுக்கோட்டை மருமகள் எழுதியது:

கிராணி ஐயா, அது இறங்கிய தலை என் அப்பாவுடையது.

நான் இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் ஊரில் செம்பனை என்ற சொல்லே கிடையாது. பாமாயில்தான். ரேஷன் கடையில் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். அம்மா அதை வாங்கிவந்து வடை சுடுவார். கொல்லையில் எங்கள் தென்னை நிற்கும். விற்காத கொப்பரை சாக்கில் கிடக்கும். எங்கள் பக்கத்து விவசாயிகள் வருடக்கணக்காகக் கேட்பது ஒன்றுதான். ரேஷனில் பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயையும் கடலை எண்ணெயையும் கொடுங்கள் என்கிறார்கள். அப்பா அந்தக் கூட்டங்களுக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்வருவார்.

இங்கே வந்த முதல் வாரம் மாமியார் என்னைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போனார். லாரி லாரியாகச் சிவந்த குலைகள் ஆலைக்குப் போயின. எங்கள் ரேஷன் பாமாயில் பிறக்கிற இடம் இதுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று இரவு அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த மரத்தை வளர்க்கிறவர்களும் நம் ஆட்கள்தானே அம்மா” என்றார்.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தோப்பைச் சாய்த்துவிட்டது. 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை உச்சத்துக்குப் போனபோது எங்களிடம் காய்க்கிற மரம் பாதிகூட இல்லை. விலை இல்லாத காலத்தில் கையில் பணம் சேரவில்லை. பணம் இல்லாததால் மறுநடவு தாமதமானது. விலை வந்த நேரத்தில் மரம் இல்லை. மலிவான இறக்குமதி ஒரு விவசாயியைக் கெடுப்பது இப்படித்தான். ஒரே நாளில் கொன்றுபோடாது. அடுத்த அடிக்குத் தாங்க முடியாதவனாக ஆக்கிவைக்கும்.

செம்மண் எழுதியது:

அக்கா, உங்கள் கடைசி நான்கு வரியை நான் விவசாயப் பொருளியல் படித்த பல்கலைக்கழகத்தில் எந்த விரிவுரையாளரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இருந்தாலும் ஒரு திருத்தம் தேவை. பாமாயில் இந்தியாவுக்குள் தாராளமாக வரத் தொடங்கியது 2009 ஒப்பந்தத்தால் அல்ல. 1986-இல் எண்ணெய்வித்து இயக்கம் தொடங்கி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தியா சமையல் எண்ணெயில் ஏறக்குறைய தன்னிறைவு பெற்றிருந்தது. 1994-இல் பாமாயில் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். இன்று தேவையில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது.

ஒப்பந்தம் செய்வது வரிக்கு ஓர் உச்சவரம்பு கட்டுவது மட்டும்தான். அந்த வரம்புக்குக் கீழே அரசு எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம். இந்தியா இறங்கவும் செய்கிறது. விலைவாசி ஏறினால் இறக்குகிறார்கள், விவசாயிகள் கொதித்தால் ஏற்றுகிறார்கள். 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெயின் அடிப்படை வரியைச் சுழியத்திலிருந்து 20-ஆக்கினார்கள். 2025 மே மாதக் கடைசியில் அதைப் 10-ஆக வெட்டினார்கள். ஒப்பந்தம் அனுமதிக்கும் 37.5-ஐ இரண்டுமே தொடவில்லை. ஆக, அப்பாவின் விலையை அடித்தது பாங்காக் கையெழுத்தைவிட டெல்லி எடுத்த முடிவுதான்.

நம் பக்கமும் ஒப்பந்தம் நம்மைக் காப்பாற்றவில்லை. 2011 ஜூலை 1 முதல் இந்தியாவோடு நமக்குத் தனி ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. அதனால் 2019-இல் நம் சுத்திகரித்த எண்ணெய்க்கு மற்ற நாடுகளைவிட ஐந்து விழுக்காடு வரி குறைவு. அந்தச் செப்டம்பரிலேயே பாதுகாப்பு வரி என்று சொல்லி அந்த ஐந்தையும் போட்டுவிட்டார்கள். காஷ்மீர், குடியுரிமைச் சட்டம் பற்றி நம் அன்றைய பிரதமர் மகாதீர் பேசிய பிறகு, 2020 ஜனவரியில் சுத்திகரித்த எண்ணெய் இறக்குமதியையே கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தார்கள். ஒரு பேச்சுக்கு முன்னால் ஒப்பந்தம் நிற்கவில்லை.

பழைய கிராணி எழுதியது:

தம்பி, நீ சொல்வதில் பாதியை ஏற்கிறேன். டெல்லிதான் முடிவெடுத்தது. ஆனால் 80 விழுக்காடும் அதற்கு மேலும் ஏற்ற இடமிருந்தவன் 37.5-க்குமேல் ஏற்ற முடியாது என்று எழுதிக்கொடுத்தானே, அது சும்மாவா? அடுத்த முறை விலை தரைக்கு வந்து விவசாயி கதறும்போது அரசின் கையில் இருக்கும் குடை சிறிதாகிவிட்டது. மழை பெய்யாத நாளில் அது தெரியாது.

செம்மண் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. மெக்சிகோவில் நடந்தது உங்கள் பக்கத்துக்குத்தான் சாட்சி. 1994 ஜனவரி 1 அன்று அமெரிக்கா, கனடாவோடு அவர்கள் செய்த ஒப்பந்தம் நடப்புக்கு வந்தது. மக்காச்சோளம் அவர்களுக்கு நமக்கு அரிசி மாதிரி. அதனால் 14 ஆண்டு அவகாசம் கொடுத்து, முதலில் 25 லட்சம் டன் மட்டும் வரியின்றி, மீதிக்குக் கடுமையான வரி என்று எழுதினார்கள். காகிதத்தில் நல்ல குடைதான். ஆனால் மலிவுச் சோளம் வேண்டும் என்று அந்த அரசே ஒதுக்கீட்டைத் தாண்டி வந்ததற்கும் வரி வசூலிக்காமல் விட்டது. அமெரிக்க விவசாயிக்கு அவன் அரசு மானியம் கொடுத்தது. மானாவாரி நிலத்தில் விதைத்த தெற்கத்தி மெக்சிகோக்காரன் அந்த விலையோடு மோத வேண்டியிருந்தது. ஒப்பந்தம் தொடங்கிய அதே நாளில் சியாபஸ் மாநிலத்தில் பழங்குடி விவசாயிகள் ஆயுதம் ஏந்தினார்கள். 2007 தொடக்கத்தில் அவர்களின் சோள ரொட்டி விலை எகிறி மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மலிவுச் சோளம் வந்தால் ரொட்டி மலியும் என்ற வாக்கு அங்கே உடைந்தது.

அதே மெக்சிகோவில் வடக்கே பாசன வசதியோடு தக்காளி விளைவித்தவர்களும், மிச்சோகான் மாநிலத்தில் வெண்ணெய்ப்பழம் விளைவித்தவர்களும் செழித்தார்கள். ஒரே நாடு, ஒரே ஒப்பந்தம். தண்ணீரும் முதலும் சாலையும் இருந்தவன் ஏறினான்; வெறும் நிலம் மட்டும் இருந்தவன் ஊரைவிட்டுப் போனான்.

பக்கத்துத் தாய்லாந்திலும் இப்படியே. 2003 அக்டோபர் முதல் சீனாவோடு பழம், காய்கறிகளுக்கு வரி இல்லை என்றார்கள். சியாங் மாய் பக்கத்து லோங்கான் பழத்துக்குச் சீனாவில் கிராக்கி. அதே வட்டாரத்தில் பூண்டு போட்டவர்கள் சீனப் பூண்டின் விலையில் நசுங்கினார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் சிரிப்பு, அந்தப் பக்கம் அழுகை.

இரண்டாம் நம்பர் லயம் எழுதியது:

எல்லோரும் நிலம் உள்ளவனைப் பற்றியே பேசுகிறீர்கள். நிலமே இல்லாதவனைப் பற்றி யார் பேசுவது?

என் தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். அம்மா பால் வெட்டினார். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது அவற்றைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் எத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்தன என்று கிராணி ஐயாவுக்குத் தெரியும். பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். ரப்பர் அளவுக்கு அதற்கு ஆள் தேவையில்லை. இருந்த வேலைக்கும் வெளிநாட்டு ஆள் வந்தான். செம்பனை எண்ணெய் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. அந்த வளர்ச்சியில் எங்கள் லயத்துக் கூரைத் தகரத்தில் ஒன்றுகூட மாறவில்லை.

பட்டுக்கோட்டை அக்காவின் அப்பா, “அந்த மரத்தை வளர்க்கிறவர்களும் நம் ஆட்கள்தானே” என்று சொன்னாராம். படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. வளர்த்தோம் ஐயா. ஆனால் அது எங்கள் மரம் இல்லை. அங்கே அவர் இழந்தது இங்கே எங்களுக்கு வந்திருந்தால்கூட ஏதோ ஒரு நியாயம் இருந்திருக்கும். நடுவில் எங்கேயோ நின்றுவிட்டது.

பழைய கிராணி எழுதியது:

தம்பி சொல்வதற்கு மறுப்பு இல்லை. அதனால்தான் 1960-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாக நடந்து, மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நீங்களே தோட்டம் வாங்கலாம் என்று கேட்டார். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படிப் பிறந்தது. முதலில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அந்தப் பத்து வெள்ளியைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து ஒதுக்குவது எவ்வளவு கடினம் என்று கணக்கெழுதிய எனக்குத் தெரியும். சந்தை திறந்தாலும் மூடினாலும் பலன் பத்திரத்தில் பெயர் உள்ளவனுக்குத்தான் என்பதை அந்த மனிதர் எல்லோருக்கும் முன்பே கண்டுகொண்டார்.

கடைத்தெரு எழுதியது:

ஒன்றைக் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். இந்த லயத்துக் குடும்பங்கள்தாம் என் கடையில் 2 வெள்ளி 50 காசு பாக்கெட் எண்ணெய்க்கு வரிசையில் நிற்கிறார்கள். சுமத்ராக் காய் வருவதால்தான் அவர்கள் வீட்டில் வாரம் ஒரு நாளாவது தேங்காய்ப்பால் குழம்பு. நாளைக்கு வரி போட்டுக் காய் விலையை ஏற்றினால் தென்னந்தோப்பு அம்மா மகிழலாம். இரண்டாம் நம்பர் லயத்துப் பாட்டி எங்கே போவார்?

தென்னந்தோப்பு எழுதியது:

இரண்டு நாளாக இந்தக் கேள்வியோடுதான் தோப்பில் நடந்தேன். பாட்டியின் குழம்பில் கைவைத்து எனக்கு விலை வேண்டாம்.

ஆனால் அண்ணா, ஒரு கணக்குச் சொல்லுங்கள். என்னிடம் பத்து சென் குறைத்த அந்த வாரம் உங்கள் கடைக்கு வந்த காய் பத்து சென் குறைந்ததா?

கடைத்தெரு எழுதியது:

இல்லை. பழைய விலைக்கே இறங்கியது. சிட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தென்னந்தோப்பு எழுதியது:

அப்படியானால் சுமத்ராக் காய் மலிந்ததன் பலன் பாட்டிக்கும் வரவில்லை. என் நட்டம் மட்டும் உண்மையாக நடந்தது. நான் ஒப்பந்தத்தைத் திட்டிக்கொண்டே இருந்தேன். என் தோப்புக்கும் உங்கள் கடைக்கும் நடுவே உள்ள பன்னிரண்டு கிலோமீட்டரைப் பார்க்கவில்லை.

செம்மண் தம்பி, சிறு விவசாயியைக் காத்தபடியே ஒப்பந்தம் போட்ட நாடு ஒன்றாவது இருக்கிறதா?

செம்மண் எழுதியது:

முழுவதும் காத்த நாடு இல்லை அக்கா. ஆனால் தென்கொரியா, சிலி நாட்டோடு போட்டது 2004 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அரிசி, ஆப்பிள், பேரிக்காயை உள்ளேயே விடவில்லை. திராட்சைக்குப் பருவ வரி வைத்தார்கள். கொரியத் திராட்சை சந்தைக்கு வராத நவம்பர் முதல் ஏப்ரல் வரை சிலித் திராட்சைக்கு வரியைக் குறைத்து நீக்குவது. கொரிய விவசாயி அறுவடை செய்து விற்கும் மற்ற மாதங்களில் வரி அப்படியே. தின்பவனுக்கும் பழம் கிடைத்தது, விளைவிப்பவனுக்கும் மூச்சுவிட நேரம் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2003 செப்டம்பர் 10 அன்று, மெக்சிகோவின் கான்கூனில் உலக வாணிப அமைப்பின் மாநாட்டுக்கு வெளியே லீ கியூங் ஹே என்ற கொரிய விவசாயி தன்னையே குத்திக்கொண்டு உயிரை விட்டார். அப்படி விவசாயிகள் கொதித்திருந்த நாட்டின் ஒப்பந்தம் அது.

தென்னைக்கு இதை அப்படியே எடுக்க முடியாது. நம் மரம் ஆண்டு முழுவதும் காய்க்கிறது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை பறிக்கிறோம். நமக்குப் பருவம் என்பது விளைச்சலில் இல்லை, தைப்பூசமும் நோன்பும் தீபாவளியும்தான் நம் பருவம். அதைச் சொல்லி அமைச்சுக்கு எழுதலாம். எழுத ஆள் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வரியைவிட எனக்கு விதைதான் பயம். 2022 நவம்பர் 29 முதல் நமக்கு நடப்பில் உள்ள பசிபிக் கரை நாடுகளின் வாணிப ஒப்பந்தம், புதிய பயிர் வகையை உருவாக்கியவர்களின் உரிமையைக் காக்கும் 1991 பன்னாட்டு உடன்படிக்கையில் மலேசியா சேர வேண்டும் என்கிறது. நம் 2004 பயிர் வகைச் சட்டம், சிறு விவசாயி விதையைச் சேமிக்கவும் மற்றச் சிறு விவசாயிகளோடு மாற்றிக்கொள்ளவும் இடம் கொடுக்கிறது. அந்த இடம் குறுகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொது மக்கள் கவனிக்காத பக்கத்தில்தான் இதெல்லாம் எழுதப்படுகிறது.

இரண்டாம் நம்பர் லயம் எழுதியது:

எழுத நான் வருகிறேன். மலாயில் நன்றாக எழுதுவேன். தேங்காய் மட்டும் போதாது, பால் வெட்டியவர்களின் வீட்டு நிலத்தைப் பற்றியும் அதே கடிதத்தில் இருக்க வேண்டும்.

பட்டுக்கோட்டை மருமகள் எழுதியது:

இந்தப் பேச்சு முழுவதையும் நேற்று அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொரியத் திராட்சை பற்றிச் சொன்னதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். அடுத்த கூட்டத்தில் அதைப் பேசப்போகிறாராம்.

கடைத்தெரு எழுதியது:

தென்னந்தோப்பு அம்மா, சனிக்கிழமை எண்ணூறு காய் உரித்துக் கொண்டுவாருங்கள். லாரிக்காரர் குறைத்த பத்து சென் காசை நான் சேர்த்துத் தருகிறேன். கடையில் காய்க்கு இருபது சென் குறைத்து விற்கிறேன். அதற்கு மேலும் எனக்குக் கட்டுப்படி ஆகும் என்று இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

தென்னந்தோப்பு எழுதியது:

எண்ணூறு என்னிடம் சேராது அண்ணா, ஐந்நூறுதான். மீதி முந்நூறுக்குப் பக்கத்துத் தோப்பு பாக் சிக்கிடம் (மலாய்க்கார மாமா) கேட்டேன். அவரும் அதே லாரிக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தார். வருகிறேன் என்றார்.